எலியின் மூச்சும் அதை அளந்தவர்களும்

ஒரு உயிர் மூச்சு விடுகிறதா இல்லையா எண்டு பார்ப்பது லேசு. மூக்குக்கு முன்னால் விரலை வைத்தாலே தெரிந்துவிடும். ஆனால் எவ்வளவு மூச்சு விடுகிறது எண்டு கேட்டால் விசயம் வேறு. மனிதர் என்றால் வாயில் குழாயொன்றைக் கொடுத்து "நல்லா இழுங்கோ, இப்ப ஊதுங்கோ" எண்டு சொல்லலாம். இருபத்தைந்து கிராம் நிறையுள்ள எலியிடம் அப்படிச் சொல்ல ஏலாது. அது நிமிடத்துக்கு நூறு, இருநூறு தடவை மூச்சு விடும். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு வளிதான். நாங்கள் ஆறுதலாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு அரை லீற்றர் இழுக்கிறோம். எலியைப் பிடித்தால் பயப்படும், பயந்தால் மூச்சு மாறும். மயக்கினால் அடங்கும், அப்போதும் மூச்சு மாறும்.

இது விஞ்ஞானபீடத்துக்குரிய விசயம், கலைப்பீடக்காரருக்கு இதில் என்ன வேலை எண்டு கேட்கலாம். வரலாறு படிக்கிற நாங்கள் ஒரு ஆவணத்தைக் கண்டால் முதலில் கேட்பது, இதை யார், யாரிடமிருந்து, எந்த நிலையில் வைத்து வாங்கினார்கள் என்பதைத்தான். கட்டிவைத்து வாங்கிய வாக்குமூலத்தையும் ஒருவர் தானாகச் சொன்ன கதையையும் நாங்கள் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. ஆய்வுகூடத்திலிருந்து வருகிற ஒரு எண்ணிடமும் அதே கேள்வியைக் கேட்க முடியுமா? சின்ன விலங்குகளின் மூச்சை அளந்த முந்நூற்றைம்பது வருடக் கதையை அந்தக் கேள்வியோடுதான் இங்கே பார்க்கப்போகிறோம்.

சாவைக் கொண்டு அளந்த காலம்

றொபேட் போயிலை எங்களில் பலர் ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் போயிலின் விதியாகத்தான் அறிவோம். அவர் 1660இல் வெளியிட்ட புத்தகம் வளிப் பம்பியை வைத்துச் செய்த பரிசோதனைகளைப் பற்றியது. பம்பியை அவருக்காக உருவாக்கியதில் முக்கிய பங்கு றொபேட் ஹூக்குக்கு உண்டு. பெரிய கண்ணாடிக் கோளமொன்றிலிருந்து வளியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறார்கள். உள்ளே சிறகில் காயம்பட்ட வானம்பாடி, ஒரு சிட்டுக்குருவி, ஒரு எலி. வளி குறையக் குறையப் பறவை சோர்கிறது, வலிப்பு வருகிறது, விழுகிறது. எவ்வளவு நேரத்தில் விழுந்தது என்பதுதான் இங்கே அளவு.

ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் இரக்கப்பட்டதால் அவசரமாக வளியை உள்ளே விட்டுப் பறவையைக் காப்பாற்ற வேண்டி வந்தது எண்டு போயில் எழுதுகிறார். அக்காலப் பரிசோதனைகள் பலர் பார்த்திருக்க நடந்தவை. சாட்சிகள் இருந்தால்தான் அது உண்மை என ஏற்கப்படும். ஸ்டீவன் ஷேப்பினும் சைமன் ஷாஃபரும் 1985இல் எழுதிய 'லெவியத்தானும் வளிப் பம்பியும்' என்ற ஆய்வு இந்தச் சாட்சி முறை எப்படி உருவானது என்பதைத்தான் பேசுகிறது. அந்தச் சாட்சிகளே முகத்தைத் திருப்பினால் பரிசோதனை நின்றுபோகும்.

இதை ஓவியமாகவும் பார்க்கலாம். டார்பியைச் சேர்ந்த ஜோசப் ரைட் 1768இல் தீட்டிய, வளிப் பம்பிக்குள் பறவையை வைத்துச் செய்யும் பரிசோதனை பற்றிய ஓவியம் இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கு. கண்ணாடிக்குள் வெள்ளைக் கொக்கட்டூ ஒன்று துவண்டு கிடக்கிறது. பரிசோதகரின் கை மேலே வால்வில். ஒரு சிறுமி முகத்தைப் பொத்துகிறாள், அவளுக்குப் பக்கத்தில் உள்ள சின்னவள் பயத்தோடு அண்ணாந்து பார்க்கிறாள். எல்லோரும் கவனிக்கிறது அந்தச் சிறுமிகளைத்தான். ஆனால் இடப்பக்கத்தில் ஒருவர் கையில் மணிக்கூட்டோடு இருக்கிறார். அந்த அறையில் அளவுகருவி எண்டு சொல்லக்கூடியது அந்த மணிக்கூடும் அந்தப் பறவையும்தான்.

இடையில் இன்னொருவர் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தார். ஜோன் மேயோ எண்ட ஆங்கிலேய மருத்துவர் 1674இல் வெளியிட்ட நூலில், நீரின் மேல் கவிழ்த்த கண்ணாடிப் பாத்திரத்துக்குள் எலியை விட்டு, நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது எண்டு பார்த்ததைச் சொல்கிறார். எலி மூச்சு விட விட வளியின் கனவளவு குறைந்தது. ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு குறைந்தது என்பது அவருடைய கணக்கு. மெழுகுதிரியை எரித்தாலும் வளி அதே விதமாகக் குறைந்தது. ஆக, வளி முழுவதும் மூச்சுக்குப் பயன்படுவதில்லை, அதில் ஒரு பகுதிதான் பயன்படுகிறது. ஒட்சிசன் எண்ட பெயர் வருவதற்கு நூறு வருடத்துக்கு முந்திய கதை இது. எலி எப்போது செத்தது என்பதோடு, எலி எவ்வளவை எடுத்தது என்பதையும் அளக்கலாம் எண்டு காட்டியது மேயோவின் நீர்மட்டம்.

பிரீஸ்ட்லியின் எலிகள்

ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு கிறிஸ்தவப் போதகர், அரசியலில் தீவிரமானவர், வளிகளைப் பற்றி ஓயாமல் ஆராய்ந்தவர். எலிகளை எப்படிப் பிடிப்பது, எப்படி வைத்திருப்பது என்பதையெல்லாம் அவர் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்திருக்கிறார். சின்னக் கம்பிப் பொறியில் பிடிக்க வேணும். கழுத்தின் பின்பக்கத்தால் பிடித்து, நீருக்குள்ளால் கொண்டுபோய், கவிழ்த்த பாத்திரத்துக்குள் விட வேணும். குளிர் தாங்காது, ஆகவே சமையலறை அடுப்புக்கு மேலுள்ள தட்டில் வைத்திருக்க வேணும்.

அவர் லீட்ஸ் நகரத்தில் இருந்தபோது அவருடைய வீட்டுக்கு வந்துபோன இளம் கவிஞர் ஒருவர் அப்படிப் பொறிக்குள் இருந்த எலியொன்றின் குரலில் ஒரு கவிதை எழுதினார். அவர் அன்னா எய்கின், பிறகு அன்னா பார்போல்ட் எனப் பெயர் பெற்றவர். 'எலியின் விண்ணப்பம்' 1773இல் அவருடைய தொகுப்பில் வந்தது. அடுத்த நாள் காலை உணவோடு, பொறியின் கம்பிகளுக்குள் சொருகப்பட்டுக் கவிதை பிரீஸ்ட்லியிடம் போனது எண்டு ஒரு கதை உண்டு. கவிதையைப் பிரீஸ்ட்லியின் கொடுமைக்கு எதிரான குரலாகப் பலர் வாசித்தார்கள். கவிஞருக்கு அது பிடிக்கவில்லை. கொடுமைக்கு எதிராக மனிதத்தன்மை பேசியதல்ல, நீதியிடம் கருணை வைத்த விண்ணப்பம்தான் இது எண்டு பின்வந்த பதிப்பில் குறிப்புப் போட்டார். நண்பரைக் காப்பாற்றுவதற்காக எழுதினாரா, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா எண்டு நாங்கள் எங்களுக்குள்ள விவாதித்துக்கொள்ளலாம்.

1775 மார்ச் 8ஆம் திகதி நடந்தது இந்தக் கதையின் நடுப்பகுதி. முந்திய ஓகஸ்ட்டில் பிரீஸ்ட்லி இரசத்தின் சிவந்த சாம்பலைச் சூடாக்கி ஒரு புதிய வளியைப் பெற்றிருந்தார். இப்போது அதில் இரண்டு அவுன்சு அளவை எடுத்து அதற்குள் ஒரு எலியை விட்டார். சாதாரண வளியில் அவ்வளவுக்குள் வளர்ந்த எலியொன்று கால் மணித்தியாலம் வாழும். இது அரை மணித்தியாலம் இருந்தது. செத்தது மாதிரி வெளியே எடுக்கப்பட்டது, ஆனால் அது குளிரில் விறைத்துத்தான் போயிருந்தது. நெருப்புக்குக் கிட்டப் பிடித்ததும் உயிர் வந்தது.

எங்களைக் கவர்ந்தது பிரீஸ்ட்லி அதற்குப் பிறகு பட்ட சந்தேகம். ஒரு எலி மற்றதைவிடக் கூட நேரம் தாங்குவதை அவர் முன்பே கண்டிருந்தார். அப்படியென்றால் அரை மணித்தியாலம் என்பது வளியின் குணமா, இந்த எலியின் குணமா? இன்னொரு எலியை விட்டார், அது முக்கால் மணித்தியாலம் இருந்து செத்தது. அதிலும் ஒரு சிக்கல். பாத்திரத்தைச் சூடான இடத்தில் வைக்காததால் எலி குளிரால் செத்திருக்கலாம் எண்டு அவரே எழுதுகிறார். அளந்தது மூச்சையா, குளிரையா?

அவரிடம் வேறொரு வழியும் இருந்தது. நைத்திரிக்கொட்சைட்டு எண்டு நாங்கள் இன்றைக்குச் சொல்கிற வளியைச் சோதிக்கவேண்டிய வளியோடு கலந்தால், நல்ல வளியாக இருந்தால் கனவளவு குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்ல வளி. எலி விட்டுப்போன மீதி வளியை இப்படிச் சோதித்தபோது, அது அந்த நிலையிலும் சாதாரண வளியைவிட நல்லதாக இருந்தது. ஒரு குழாயும் நீரும் எலியின் இடத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்பது இந்தச் சோதனையால் தெளிவானது. பின்னர் பிரீஸ்ட்லி தானும் அந்த வளியை இழுத்துப் பார்த்தார். அதுவரை அதைச் சுவாசிக்கும் பேறு பெற்றது இரண்டு எலிகளும் தானும் மட்டும்தான் எண்டு பகிடியாக எழுதினார்.

பனிக்கட்டிக்குள் ஒரு கினிப்பன்றி

பரிஸில் லவோசியேயும் லாப்லாஸும் 1782–83 குளிர்காலத்தில் கேட்ட கேள்வி வேறு. வளியின் நல்லது கெட்டது அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மூச்சு என்பது ஒரு எரிதலா? அப்படியென்றால் வெளிவரும் வெப்பமும் வெளிவரும் காபனீரொட்சைட்டும் ஒன்றுக்கொன்று கணக்குக் காட்ட வேணும்.

கம்பிக் கூடையொன்றில் கினிப்பன்றியை வைத்து, சுற்றிவரப் பனிக்கட்டியை அடைத்தார்கள். வெளிச்சூடு உள்ளே வராமலிருக்க அதற்கு வெளியே இன்னொரு பனிக்கட்டிச் சுற்று. 10 மணித்தியாலத்தில் உருகிய பனிக்கட்டி சுமார் 13 அவுன்சு. வேறொரு பரிசோதனையில் கினிப்பன்றி வெளிவிட்ட காபனீரொட்சைட்டை அளந்தார்கள். அவ்வளவு காபனீரொட்சைட்டு வரும்படி கரியை எரித்தால் உருகக்கூடிய பனிக்கட்டி ஏறக்குறைய பத்தரை அவுன்சு. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் கிட்டத்தட்ட வருகிறது. மூச்சு என்பது மெதுவாக நடக்கும் ஒரு எரிதல் எண்டு முடிவுக்கு வர அது போதுமாயிருந்தது.

மிச்சமான இரண்டரை அவுன்சுக்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று முக்கியமானது. பனிக்கட்டிக்குள் இருந்த விலங்கின் கைகால்கள் குளிர்ந்துபோயிருந்தன. அந்த வெப்பமும் பனிக்கட்டியை உருக்கியிருக்கும். அதாவது, அளக்கும் பெட்டியே விலங்கை மாற்றியிருக்கிறது. பிரீஸ்ட்லியின் எலிக்கு நடந்ததும் இதுதான். ஆனால் இங்கே அந்தப் பிழையையும் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டார்கள். இன்னொரு வித்தியாசம், இந்தக் கினிப்பன்றி சாகத் தேவையில்லை. அளவு அதன் சாவில் இல்லை, உருகிய நீரில் இருக்கு. (லவோசியேயைப் பதினொரு வருடம் கழித்து, 1794 மே 8இல், கில்லட்டினில் வைத்துத் தலையை வெட்டினார்கள். வரி வசூலிக்கும் குத்தகையில் பங்காளியாக இருந்ததுதான் காரணம், மூச்சு அல்ல.)

போத்தல்களும் தராசும்

ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1892இல் விபரித்த கருவி, எங்கட பார்வையில், இந்த வரலாற்றிலேயே அழகானது. வளியை ஒரு போத்தல் வரிசைக்கூடாக மெதுவாக இழுக்கிறார். முதல் போத்தல்கள் உள்ளே வருகிற வளியிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் பிடித்துவிடும். பிறகு எலி இருக்கும் போத்தல். அதற்கு அடுத்து சல்பூரிக்கமிலம், அது எலி விட்ட ஈரத்தைப் பிடிக்கும். பிறகு சோடாச் சுண்ணாம்பு, அது எலி விட்ட காபனீரொட்சைட்டைப் பிடிக்கும்.

தொடங்க முன்னும் முடிந்த பின்னும் எல்லாவற்றையும் நிறுக்க வேணும். எலிப் போத்தல் கொஞ்சம் நிறை குறைந்திருக்கும். பிடிக்கும் போத்தல்கள் நிறை கூடியிருக்கும். ஆனால் கூடியது குறைந்ததைவிட அதிகமாக இருக்கும். அந்த மேலதிகம் எங்கிருந்து வந்தது? எலி வளியிலிருந்து எடுத்த ஒட்சிசன்தான். ஒட்சிசனைத் தொடாமலேயே அதை நிறுத்துவிட்டார்! எலிக்கு மயக்கமருந்து இல்லை, குழாய் இல்லை, கட்டு இல்லை. அது பாட்டுக்குப் போத்தலுக்குள் இருக்கும். ஆனால் இந்த முறை சொல்வது ஒரு மணித்தியாலத்தின் கூட்டுத்தொகையை. ஒரு தனி மூச்சு எப்படி இருந்தது, நெஞ்சு இறுகியதா, குழாய் சுருங்கியதா எண்டு தராசுக்குத் தெரியாது.

அதே ஹோல்டேன்தான் நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் செத்தவர்களைப் பற்றி 1896இல் அறிக்கை கொடுத்தவர். பெரும்பாலானவர்களைக் கொன்றது வெடிப்பல்ல, அதற்குப் பிறகு பரவிய காபனோரொட்சைட்டுத்தான் எண்டு காட்டினார். சின்ன உடம்புக்கு அனுசேபம் வேகம், மூச்சும் வேகம், ஆகவே நஞ்சு மனிதரை விழுத்த முன் எலியையோ சின்னப் பறவையையோ விழுத்தும். எலியைக் கொண்டுபோங்கள் எண்டார். பின்னர் கனேரிப் பறவைகள் அந்த வேலைக்கு வந்தன. பிரித்தானியச் சுரங்கங்களில் 1986இல்தான் மின்னணுக் கருவிகள் அவற்றின் இடத்தை எடுத்தன. சாவைக் கொண்டு அளக்கும் போயிலின் முறை ஒழிந்துபோய்விட்டது எண்டு நாங்கள் நினைத்தால், அது சுரங்கத்துக்குள் இன்னொரு தொண்ணூறு வருடம் இருந்திருக்கிறது. இம்முறை அதனால் உயிர் தப்பியவர்களும் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேணும்.

தொடாமல் அளப்பது

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி திரும்பவும் மாறுகிறது. தொய்வுக்கு, எங்கட அம்மம்மாமார் முட்டு எண்டு சொல்கிற வருத்தத்துக்கு, மருந்து தேட வேணும். அதற்குச் சுவாசக் குழாய்கள் எவ்வளவு சுருங்குகின்றன எண்டு தெரிய வேணும். கொன்ஸெற், ரோஸ்லர் இருவரும் 1940இல் வெளியிட்ட முறையில் விலங்கை மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் செருகி, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு வளியைப் பம்பியால் தள்ளுவார்கள். குழாய்கள் சுருங்கினால் உள்ளே போக முடியாத வளி வழிந்து வரும். வழிந்ததை அளந்தால் சுருக்கம் தெரியும். தெளிவான அளவு. ஆனால் அது அந்த விலங்கின் சொந்த மூச்சல்ல, பம்பியின் மூச்சு.

இதற்கு நேரெதிரான வழி 1950களில் வந்தது. 1954இல் சேப்பின் என்பவர் கட்டாத, மயக்காத ஹம்ஸ்ரரின் மூச்சை அளந்தார். அடுத்த வருடம் ட்ரோபோவும் ஃபென்னும் இதே தத்துவத்தைப் பிறந்த குழந்தைகளுக்காக எழுதினார்கள். சொன்னபடி மூச்சு விடாதவர்களில் குழந்தைகளும் அடங்குவார்கள்தானே.

தத்துவம் இதுதான். மூடிய பெட்டிக்குள் எலி இருக்கு. அது வளியை உள்ளே இழுத்தால் பெட்டியில் வளி குறையும், ஆனால் அதே அளவுக்கு எலியின் நெஞ்சு பெருக்கும். ஆக மொத்தத்தில் ஒன்றும் மாறக்கூடாது. ஆனால் மாறுகிறது. அறை வெப்பநிலையில் இருந்த வளி எலியின் உடம்புக்குள் போய் 37 பாகைக்குச் சூடாகி, ஈரமாகி, ஏறக்குறைய பத்து வீதம் விரிகிறது. அந்த விரிவால் பெட்டியின் அமுக்கம் துளியளவு கூடுகிறது. அரை லீற்றர் பெட்டியென்றால் அது அரை மில்லிமீற்றர் உயர நீரின் அமுக்கம்கூட இல்லை. அதை நுண்ணிய உணரியொன்று பிடித்துக் கோடாக வரையும். எலி நடக்கலாம், மூக்கைத் துடைக்கலாம், தூங்கலாம். ஒவ்வொரு மூச்சும் திரையில் அலையாக வரும்.

1959இல் ரஸ்ஸலும் பேர்ச்சும் விலங்குப் பரிசோதனையில் மனிதநேயம் பற்றி எழுதிய நூல் பதிலீடு, குறைப்பு, மேம்படுத்தல் எண்ட மூன்று கோட்பாடுகளை வைத்தது. அந்தப் பெட்டியைப் பார்த்தால் மூன்றாவது கோட்பாடு நிறைவேறிவிட்டது மாதிரித்தான் தெரியும்.

சும்மா விட்ட எலி என்ன சொன்னது?

1997இல் ஹாமல்மான் குழுவினர் ஒவ்வாமை ஏற்படுத்திய எலிகளை இந்தப் பெட்டிக்குள் விட்டு, அலையின் வடிவத்திலிருந்து 'பென்எச்' என்ற ஒரு எண்ணைக் கணித்தார்கள். 'கூடிய இடைநிறுத்தம்' எண்ட கருத்தில் வந்த பெயர் அது. மூச்சை வெளிவிடும்போது அலை எப்படி நீள்கிறது, எங்கே கூர்மையாகிறது என்பதை வைத்து வருகிற அலகில்லாத எண். சுவாசக் குழாய் சுருங்கும்போது பென்எச் கூடியது. மரபணு மாற்றிய எலிகள் ஆய்வுகூடங்களில் பெருகிக்கொண்டிருந்த காலம். பல எலிகளை ஒரே நேரத்தில், பயிற்சியில்லாதவர்கூட அளக்கலாம். எலி சாகத் தேவையில்லை, அதே எலியை அடுத்த கிழமையும் அளக்கலாம். பென்எச் வேகமாகப் பரவியது.

ஆனால் பெட்டிக்குள் இருக்கும் அலை எதால் வருகிறது? மேலே சொன்ன மாதிரி, பெரும்பகுதி வளி சூடாவதாலும் ஈரமாவதாலும் வருகிறது. குழாய் சுருங்குவதன் தடம் அதோடு சேர்ந்து கலந்து கிடக்கு. எலி மூச்சின் தாளத்தை மாற்றினாலும் பென்எச் மாறும். மிட்ஸ்னரும் ராங்கர்ஸ்லியும் 1998இலேயே இதைக் கேட்டார்கள். லுண்ட்பிளாட் குழு 2002இல் இதை விரிவாக ஆராய்ந்தது. 2004இல் இருபதுக்கு மேற்பட்ட சுவாச ஆய்வாளர்கள் சேர்ந்து, பென்எச்சைக் குழாய்ச் சுருக்கத்தின் அளவாகப் பாவிக்க வேண்டாம் எண்டு ஒரு கடிதம் வெளியிட்டார்கள். அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் சார்ல்ஸ் அர்வின். 1997 கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரும் அவரேதான். தன் பெயர் போட்ட எண்ணையே பொதுவில் மறுக்க அவருக்கு ஏழு வருடம் எடுத்தது. எங்கட அறிவுச் சூழலில் இப்படி ஒன்றை நாங்கள் எத்தனை தடவை கண்டிருக்கிறோம்?

அர்வினும் ஜேசன் பேற்ஸும் 2003இல் இந்தச் சிக்கலுக்கு ஒரு பெயர் வைத்தார்கள், பௌதிகத்தின் நிச்சயமின்மைத் தத்துவத்தைப் போலச் செய்து. எலியை எவ்வளவுக்கு அதன் பாட்டுக்கு விடுகிறோமோ அவ்வளவுக்கு நாங்கள் எதை அளக்கிறோம் என்பது தெளிவில்லாமல் போகும். தெளிவாக அளக்க வேணும் என்றால் எலியை மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் செருகி, சின்ன வளி அலைகளைச் சுவாசப்பைக்குள் அனுப்பி, திரும்பிவரும் அமுக்கத்தைப் பார்க்க வேணும். அதற்கான கணினிக் கருவியை மொன்றியலில் ஷூஸ்லரும் பேற்ஸும் 1995இல் விபரித்திருந்தார்கள். எண் சுத்தமாக வரும். எலிக்குப் பெரும்பாலும் அது கடைசி நாளாக இருக்கும்.

எண்ணை எப்படி வாசிப்பது?

தொடக்கத்தில் சொன்ன வாக்குமூலத்துக்கு வருவோம். கட்டிவைத்து வாங்கியது பொய், தானாக வந்தது உண்மை எண்டு நினைக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கு. இந்த வரலாறு அதை அவ்வளவு லேசாக விடவில்லை. மயக்கிய எலியிடமிருந்து வந்த எண், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறது, ஆனால் அது ஒரு இயல்பான எலியின் மூச்சல்ல. சும்மா விட்ட எலியின் மூச்சு இயல்பானது, ஆனால் அது எந்தக் கேள்விக்கான பதில் எண்டு தெரியவில்லை. அதுவும் ஒரு அநியாயம்தான். தவறாக வாசிக்கப்பட்ட ஆயிரம் மென்மையான பரிசோதனைகள், திரும்பச் செய்ய வேண்டிய ஆயிரம் பரிசோதனைகள். கடைசியில் கூட எலிகள்தான் போகும்.

இதற்காக அந்தப் பெட்டியைத் தூக்கி எறியத் தேவையில்லை. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, தூக்கத்தில் எப்படி மாறுகிறது, காபனீரொட்சைட்டு கூடினால் எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் அறிய அது நல்ல கருவி. பிழை பெட்டியில் இல்லை, அதனிடம் கேட்கக்கூடாததைக் கேட்டதில். கருவிக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதையும், எங்களுக்குத் தேவைப்பட்டது எவ்வளவு என்பதையும் பிரித்துப் பார்க்கத் தவறினோம் என்றால், எங்கட வசதியையே இரக்கம் எண்டு பெயர் வைத்து நம்பத் தொடங்கிவிடுவோம்.

அடுத்த முறை ஒரு செய்தியில் "எலிகளில் நடத்திய ஆய்வில் தெரியவந்துள்ளது" எண்டு வாசிக்கும்போது, எத்தனை வீதம் எண்டு பார்க்க முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். அந்த எலி எங்கே இருந்தது? கண்ணாடிக்குள்ளா, பனிக்கட்டிக்குள்ளா, போத்தலுக்குள்ளா, மயக்கத்திலா, அது பாட்டுக்கு நடந்துகொண்டா? அது தெரிந்தால், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம், எதற்கு நம்பலாம் என்பதில் பாதி விளங்கிவிடும்.